வீட்டுக்கு ஒரு ரிப்பீட்டர் துவக்கு: எதை எடுப்பது, உப்புக் காற்றில் எப்படிக் காப்பது

தம்பி, வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லி விடுகிறேன். திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில் நெல் மில் வைத்திருக்கிறீர்கள், அறுவடைக் காலத்தில் கையில் காசு புழங்கும், ஏற்கெனவே ஒருமுறை மில்லின் பின்பக்கத் தகரத்தைப் பிரித்துக்கொண்டு உள்ளே வந்திருக்கிறார்கள். வீடு உப்புவெளியில், கடற்கரைக்கு நடந்து போகிற தூரம். வீட்டில் மனைவி, எட்டு வயதிலும் பன்னிரண்டு வயதிலும் இரண்டு பிள்ளைகள், அம்மா. தற்பாதுகாப்புக்கென்று துவக்கு அனுமதிப்பத்திரம் கேட்டிருக்கிறீர்கள், கிடைக்கும் போலத் தெரிகிறது. பம்ப் அக்சன் சொட்கண், அதாவது எங்கள் ஆட்கள் ரிப்பீட்டர் என்று சொல்கிற துவக்கில் எதை எடுப்பது, எப்படிப் பராமரிப்பது, அதைக் கடக் கடக்கென்று இழுக்கிற சத்தத்துக்கே கள்ளன் ஓடிவிடுவான் என்கிறார்களே அது உண்மையா, அப்பாவின் பழைய தோட்டாக்களைப் பாவிக்கலாமா, இவ்வளவும் உங்கள் கேள்வி.

நான் 19 வருஷம், காசு ஏற்றி இறக்கும் தனியார் பாதுகாப்பு நிறுவனம் ஒன்றில் துவக்குகளைக் கழற்றித் துடைத்துத் திருத்திக் கொடுத்தவன். என் மேசைக்கு வந்ததில் முக்கால்வாசி 12 போர் ரிப்பீட்டர்தான் (போர் என்பது குழல் அகலத்தின் அளவு, எண் கூடினால் குழல் ஒடுங்கும்). அதற்கு முதலே அப்பாவின் ஒற்றைக் குழல் துவக்கோடு வளர்ந்தவன், முள்ளிப்பொத்தானைப் பக்கம் எங்களுக்கு வயல் இருந்தது, பன்றிக் காவலுக்கு அவர் அதைத்தான் கொண்டு போவார். இவ்வளவு காலமும் பார்த்ததில் எனக்குப் பட்டது என்னவென்றால், எந்தத் துவக்கு என்பது அரை மணித்தியாலத்தில் எடுத்துவிடக்கூடிய முடிவு, அதில் கொஞ்சம் பிசகினாலும் சமாளிக்கலாம். கை பழகாமல் விடுவதும் கறள் ஏற விடுவதும்தான் சமாளிக்க முடியாதவை. ஆனால் எல்லாரும் என்னிடம் கேட்பது முதலாவதைத்தான்.

துவக்குக்குப் போகுமுன் இரண்டு விஷயம். காசை வீட்டில் வைக்காதீர்கள், அன்றன்றே வங்கிக்குப் போகட்டும். பின்கதவுக்கு உள்ளே குறுக்குத் தாழ்ப்பாள் ஒன்று, வளவில் ஆள் நடந்தால் எரிகிற லைட் ஒன்று, குரைக்கிற நாய் ஒன்று. இவை மூன்றும் இல்லாத வீட்டில் துவக்கு வைத்து என்ன பிரயோசனம், நீங்கள் நித்திரையில் இருக்கும்போதே ஆள் அறைக்குள் நிற்பான். அடுத்தது சட்டம். இலங்கையின் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ்தான் இன்றும் அனுமதி தருகிறார்கள். ஒவ்வொரு டிசம்பர் 31ஆம் திகதியோடும் அது காலாவதி, புதுப்பிக்க மறந்தால் ஜனவரி முதலாம் திகதி நீங்கள் அனுமதியில்லாத துவக்கு வைத்திருக்கும் ஆள். பத்திரத்தில் உங்கள் பெயர் இருந்தால் துவக்கு உங்கள் கைக்கு மட்டும்தான், மச்சானுக்கோ மில்லின் இரவுக் காவலாளிக்கோ கொடுக்க முடியாது. 2024 நவம்பரில் தற்பாதுகாப்புக்கென்று கொடுத்த துவக்குகளை மீளாய்வுக்காகத் திருப்பி ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு கேட்டது ஞாபகம் இருக்கும். ஆகவே பேப்பர்களை எல்லாம் ஒரு பைலில் போட்டு வையுங்கள், எந்த நேரமும் காட்டக் கூடியதாக இருக்கட்டும்.

அதோடு, தண்டனைச் சட்டக்கோவை தற்காப்பு உரிமையைத் தருகிறது, ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்ய அது இடம் தரவில்லை. மதில் ஏறி ஓடுகிறவனின் முதுகில் சுட்டால் அது தற்காப்பு ஆகாது. மில்லில் நெல் மூட்டை தூக்குகிறவனைச் சுடுவதும் அப்படித்தான். துவக்கு கைக்கு வருமுன் திருகோணமலையில் ஒரு சட்டத்தரணியிடம் ஒரு மணித்தியாலம் காசு கொடுத்து உட்கார்ந்து இதைக் கேளுங்கள். துவக்குக்குக் கொடுக்கிற காசைவிட அது பெறுமதியான செலவு.

சரி, துவக்கு.

ரிப்பீட்டர் என்பது பழைய யோசனை. ஜோன் பிரவுணிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1897லேயே வந்துவிட்டது. குழலுக்குக் கீழே ஒரு குழாய், அதற்குள் தோட்டாக்கள் வரிசையாகப் படுத்திருக்கும். முன்பிடியைப் பின்னுக்கு இழுத்தால் வெடித்த கோது வெளியே விழும், தோட்டாவை மேலே தூக்குகிற தட்டான லிப்டரில் அடுத்த தோட்டா ஏறும், முன்னுக்குத் தள்ளினால் அது சேம்பருக்குள், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா வெடிக்கிற அறைக்குள், போய்ப் பூட்டிக்கொள்ளும். எல்லாம் உங்கள் கைப் பலத்தில் நடக்கிறது. அதுதான் இதன் பெரிய நன்மை. தன்பாட்டில் ஓடுகிற ஓட்டோமற்றிக் சொட்கண்ணுக்குத் தோட்டாவின் வலு போதாவிட்டால் நின்றுவிடும், ரிப்பீட்டருக்கு அந்தக் கவலை இல்லை, மெலிந்த தோட்டாவோ வலுத்த தோட்டாவோ கை இழுத்தால் ஓடும். இதன் பெரிய குறையும் அதேதான், கை சரியாக இழுக்காவிட்டால் ஓடாது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இங்கே அமெரிக்கா மாதிரி சுவர் முழுக்கத் துவக்கு தொங்குகிற கடைக்குள் போய்த் தெரிவு செய்ய முடியாது. அனுமதி கிடைக்கிற வகைக்குள், இருப்பில் உள்ளதைத்தான் எடுப்பீர்கள். அதனால் மொடல் பெயரைப் பாடமாக்குவதைவிட எதைப் பார்த்து எடுப்பது என்று தெரிந்திருப்பது நல்லது. உலகத்தில் அதிகம் புழங்குகிற இரண்டு, 1950இல் வந்த ரெமிங்டன் 870உம், 1960களின் தொடக்கத்தில் இருந்து ஓடுகிற மொஸ்பேர்க் 500உம். பிறகு வந்த துருக்கித் தயாரிப்புகளில் நிறைய இந்த இரண்டையும் பார்த்துச் செய்தவைதான்.

இரண்டிலும் நான் வேலை செய்திருக்கிறேன். 870இன் உடல் உருக்கு, கையில் எடுத்தால் பாரமும் உறுதியும் தெரியும், தவறி வெடிக்காமல் தடுக்கிற சேப்டி, விசைக்குப் பின்னால் குறுக்கே தள்ளுகிற குமிழ். மொஸ்பேர்க்கின் உடல் அலுமினியக் கலவை, சேப்டி மேலே, பெருவிரல் தானாகப் போய் நிற்கிற இடத்தில் இருக்கிறது, இடக்கைக்காரருக்கும் ஒன்றுதான். கடற்கரையில் இருக்கிற ஆளுக்கு நான் மொஸ்பேர்க் பக்கம்தான் சாய்வேன், அலுமினியத்தில் கறள் பிடிக்காது என்ற ஒரே காரணத்துக்காக. ஆனால் குழலும், சேம்பரைப் பின்னால் மூடுகிற போல்டும் இரண்டிலும் இரும்புதான், அதனால் மொஸ்பேர்க் எடுத்துவிட்டோம் என்று துடைக்காமல் விட முடியாது. உப்புக் காற்றைத் தாங்கும் பூச்சுள்ள கடல் மாதிரிகளும் இரண்டு கம்பனியிலும் உண்டு, கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள்.

பாவித்த துவக்கு என்றால் இதைப் பாருங்கள். குழலுக்குள் தோட்டா இல்லை என்று கண்ணாலும் சின்ன விரலாலும் உறுதி செய்துவிட்டு, குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள். கண்ணாடி மாதிரி வளையம் வளையமாக ஒளி ஓட வேண்டும். ஒரு இடத்தில் வளையம் கறுத்து நெளிந்தால் அங்கே குழல் வீங்கியிருக்கிறது, அந்தத் துவக்கு வேண்டாம், எவ்வளவு குறைத்துத் தந்தாலும் வேண்டாம். சேம்பருக்குள் குண்டூசிக் குத்து மாதிரிப் புள்ளிகள் இருந்தால் வெடித்த கோது ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். முன்பிடியை ஆட்டினால் கொஞ்சம் ஆடத்தான் செய்யும், அது குறையல்ல, அதைப் பார்த்துப் பயந்து நல்ல துவக்கை விட்டவர்கள் உண்டு. லிப்டரையும் பாருங்கள். 1980களின் நடுவுக்கு முந்தின 870களில் லிப்டர் வெறும் தட்டையாக இருக்கும், பிறகு வந்தவற்றில் யூ வடிவ வெட்டு ஒன்று இருக்கும். பழையதில் இழுவை பிழைத்து ஒரு தோட்டா லிப்டருக்கு மேலால் வழுகினால் முழுத் துவக்கும் இறுகிப் போகும், கைப் பலத்தால் திறக்க முடியாது. அந்த வெட்டு உள்ளதையே எடுங்கள்.

இன்னும் பழசு என்றால், வின்செஸ்டர் 1897, மொடல் 12 போன்றவற்றில், விசையை அழுத்திப் பிடித்தபடி முன்பிடியைத் தள்ளினால் பூட்டிய கணமே வெடிக்கும். விசையைத் துண்டிக்கிற பாகம் அவற்றில் கிடையாது. அழகான துவக்குகள்தான், ஆனால் வீட்டுக்கு வேண்டாம்.

குழல் நீளம் 18 முதல் 20 அங்குலம். 28 அங்குலக் குழல் வாத்துக்கும் கொக்குக்கும் நல்லது, அறைக் கதவுக்குள் திரும்பும்போது நிலையில் முட்டும். சோக், அதாவது வாயில் ஒடுக்கம், இல்லாத நேர்க்குழல் போதும். இதையெல்லாம்விட முக்கியம், ஆனால் ஒருவரும் பார்க்காதது, தோளில் வைக்கிற பிடங்கின் நீளம். இந்தத் துவக்குகள் எங்களைவிட உயரமான ஆட்களுக்கு அளவெடுத்தவை. முழங்கையை மடித்து, பிடங்கின் அடியை முழங்கை மடிப்பில் வைத்துப் பாருங்கள், ஆள்காட்டி விரலின் முதல் மொளி விசைக்கு எட்ட வேண்டும். எட்டாவிட்டால் தோளில் வைக்கும்போது கை நீண்டு, உடம்பு பின்னுக்குச் சாய்ந்து, முன்பிடியை முழுக்க இழுக்கவே வராது. ஒரு அங்குலம் மரத்தை வெட்டி ரப்பர் அடித்தால் தீர்கிற விஷயம் இது. 12 போரின் உதைப்பும் பிடங்கு பொருந்தினால் பாதியாகத் தெரியும்.

12 போரா 20 போரா என்று கேட்டால், 20 போரின் உதைப்புக் குறைவு, வீட்டுக்குள் அதுவும் போதுமானதுதான். ஆனால் இங்கே தேடிப் பிடிக்கக் கூடியது 12 போர்த் தோட்டா. ஆகவே 12. ஒரே வீட்டில் இரண்டு அளவுத் தோட்டாவும் ஒருநாளும் இருக்கக் கூடாது. 20 போர்த் தோட்டா 12 போர்ச் சேம்பரைத் தாண்டி வழுகிப் போய்க் குழலுக்குள் சிக்கிக்கொள்ளும், துவக்கு வெறுமையாக இருக்கிறது என்று நினைத்துப் பின்னால் 12 போரைப் போட்டுச் சுட்டால் குழல் கையிலேயே பிளக்கும். 20 போர்த் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வது இதற்காகத்தான். அதே மாதிரி, குழலில் இரண்டே முக்கால் அங்குலம் என்று பொறித்திருந்தால் மூன்று அங்குலத் தோட்டா போடாதீர்கள். போட்டால் உள்ளே போகும், அதுதான் ஆபத்து, ஏனென்றால் மடிந்திருக்கிற வாய் வெடிக்கும்போதுதான் விரிந்து முழு நீளம் ஆகும், அப்போது விரிய இடமில்லாமல் அமுக்கம் ஏறும்.

தோட்டாவுக்கு வருவோம். கொக்குக்கும் காட்டுக்கோழிக்கும் போடுகிற சின்னச் சன்னம், அதாவது தோட்டாவுக்குள் இருக்கிற ஈய உருண்டை, ஆளைத் தடுக்காது, தோலைக் கிழித்து வேதனை கொடுக்கும், ஆனால் வருகிறவன் வந்துகொண்டே இருக்கலாம். எங்கள் ஆட்களுக்குப் பழக்கமான எஸ்.ஜி. என்பது 8.4 மில்லிமீற்றர் சன்னம், சாதாரணமாகத் தோட்டாவுக்கு ஒன்பது. அமெரிக்கர் இதை வேறு பெயரால், இரட்டைப் பூச்சியப் பக்சொட் என்பார்கள். அது நிறுத்தும், ஆனால் சுவருக்கும் போகும். பூசின கல்லுச் சுவரில் சன்னம் பெரும்பாலும் நின்றுவிடும். மரக்கதவு, பலகைத் தட்டி, தகரம், யன்னல், இவற்றில் நிற்காது. உங்கள் வீட்டில் அம்மாவின் அறைக்கும் விறாந்தைக்கும் நடுவில் இருப்பது பலகைத் தட்டி என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் விறாந்தைப் பக்கம் பார்த்துச் சுடுவது அம்மாவின் கட்டிலைப் பார்த்துச் சுடுவது. ஒரு நாள் பகலில் வெறுங்கையோடு வீட்டுக்குள் நடந்து பாருங்கள், எந்த இடத்தில் நின்றால் பின்னால் கல்லுச் சுவர் வருகிறது, எந்தப் பக்கம் பிள்ளைகள் படுக்கிறார்கள், பக்கத்து வீட்டு யன்னல் எந்தத் திசை என்று. ஒற்றைக் குண்டுத் தோட்டாவை வீட்டுக்குள் நினைத்தும் பார்க்காதீர்கள்.

சொட்கண் என்றால் குறி பார்க்கத் தேவையில்லை, அறை முழுக்க விசிறி அடிக்கும் என்ற கதையை நம்பிய ஆட்களுக்கு நான் ஒரு வேலை கொடுப்பேன். குளிர்சாதனப் பெட்டி வந்த கார்ட்போட் மட்டையை நிறுத்தி, சுட அனுமதியுள்ள இடத்தில், ஐந்து மீற்றரில் ஒன்று, பத்து மீற்றரில் ஒன்று. ஐந்து மீற்றரில் எஸ்.ஜி. சன்னம் ஒன்பதும் ஒரு தேத்தண்ணிக் கோப்பை வாய்க்குள் அடங்கும். பத்து மீற்றரில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. துவக்குக்குத் துவக்கு, தோட்டாவுக்குத் தோட்டா இது கொஞ்சம் மாறும், அதனால்தான் உங்கள் துவக்கில் உங்கள் தோட்டாவைப் போட்டுப் பார்க்க வேண்டும். உங்கள் விறாந்தையின் முழு நீளமும் ஆறு மீற்றர்தானே, அங்கே குறி தவறினால் ஒன்பதும் தவறும்.

இனிக் கை. நான் வேலை செய்த இடத்தில் புதிதாகச் சேர்ந்த காவலர்களுக்கு வருஷத்தில் ஒருமுறை சுடும் பயிற்சி. ஒரு பொடியன், நல்ல உடற்கட்டு, மூதூர்ப் பக்கம், ஊரில் ஒற்றைக் குழல் சுட்டுப் பழகினவன். முதல் வெடி மட்டையின் நடுவில். பிறகு இழுத்தான், தள்ளினான், விசையை அழுத்தினான், டிக் என்று ஒரு சத்தம், ஒன்றும் வெடிக்கவில்லை. குனிந்து துவக்கைப் பார்த்தான். திரும்ப இழுத்தான், திரும்பவும் டிக். துவக்குப் பழுது என்று என்னிடம் கொண்டு வந்தான். நான் வாங்கி அதே தோட்டாக்களை அதே துவக்கில் போட்டு ஐந்தையும் சுட்டுக் காட்டினேன். அவன் முன்பிடியைப் பின்னுக்கு இழுத்தது முக்கால் தூரம்தான். அந்தக் கால்வாசி இருக்கிறதே, அதற்குள்தான் லிப்டருக்கு அடுத்த தோட்டா வந்து சேர்கிறது. பழைய கோது வெளியே விழுந்தது, கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரிந்தது, உள்ளே சேம்பர் வெறுமை. பின்னால் ஒருவரும் கத்தவில்லை, இருட்டில்லை, பிள்ளை அழவில்லை, வெயிலில் ஒரு மட்டைக்கு முன்னால் நின்றே அவனுக்கு அது நடந்தது.

பயத்தில் கை சுருங்கும். அதை மனத்தால் மாற்ற முடியாது, பழக்கத்தால்தான் மாற்றலாம். டம்மித் தோட்டா என்று விற்கிறார்கள், வெடிமருந்தும், அதைப் பற்றவைக்கிற அடித் தொப்பியும் இல்லாத, நிறத்தால் வேறுபடுத்திய பிளாஸ்ரிக். உண்மைத் தோட்டா எல்லாவற்றையும் வேறு அறையில் பூட்டிவிட்டு, டம்மியைப் போட்டு, கல்லுச் சுவர்ப் பக்கம் பிடித்து, வாரத்தில் இரண்டு தரம் பத்துப் பத்து நிமிடம். பின்னால் போய் முட்டும் வரை இழுக்க வேண்டும், முன்னால் போய் முட்டும் வரை தள்ள வேண்டும், இரண்டு தரமும் இரும்பு இரும்பில் படுகிறது கையில் தெரிய வேண்டும். மெல்ல இழுத்தால் பழுதாகாது என்று நினைப்பார்கள், இந்தத் துவக்கைப் பூப்போலப் பிடிக்கக் கூடாது, முரட்டுத்தனமாக இழுக்கத்தான் செய்து வைத்திருக்கிறார்கள். ஒரு மாதத்தில் உங்கள் கையே பிழையைக் கண்டுபிடிக்கும், காதுக்கு முன்னால் கை சொல்லும்.

சத்தத்துக்குக் கள்ளன் ஓடுவானா என்ற கேள்விக்கு, சிலவேளை ஓடுவான். சிலவேளை அந்தச் சத்தம் நீங்கள் எந்த மூலையில் நிற்கிறீர்கள் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுக்கும். அவனிடமும் ஏதும் இருந்தால்? சத்தத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். வாயால் கத்துங்கள், பொலிசுக்கு அடித்துவிட்டேன் என்று சொல்லுங்கள், உண்மையாகவே 119க்கு மனைவி அடித்திருக்கட்டும். துவக்கோடு வீடு முழுக்கத் தேடிப் போகாதீர்கள். பிள்ளைகளையும் அம்மாவையும் ஒரு அறைக்குள் எடுத்து, கதவைப் பூட்டி, கதவுக்கு நேரே இல்லாமல் மூலையில் நின்று காவல் இருங்கள். கையில் நல்ல டோர்ச் இல்லாமல் துவக்கைத் தூக்கவே வேண்டாம், யார் என்று தெரியாமல் விசையில் விரல் போகக் கூடாது. இருட்டில் நடமாடுவது தண்ணீர் குடிக்க எழும்பின அம்மாவாகவும் இருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போரைக் கண்ட எங்கள் மாவட்டத்தில் இரவில் ஒரு வெடிச் சத்தம் கேட்டால் ஆட்களின் நெஞ்சு எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கும் தெரியும். என் அம்மா சாகும் வரைக்கும் பட்டாசுக்குக் கூடக் கட்டிலுக்குக் கீழே குனிவார். துவக்கு வீட்டில் இருக்கிறது என்பதை ஊருக்கெல்லாம் சொல்லாதீர்கள், கள்ளனுக்குத் துவக்கும் ஒரு களவுப் பொருள்தான். ஆனால் உங்கள் அம்மாவோடு முதலில் பேசுங்கள். அவர் வேண்டாம் என்று சொன்னால் அந்தப் பேச்சைத் தட்டாமல் கேளுங்கள்.

வைக்கிற முறை. ரிப்பீட்டரின் சேப்டி பெரும்பாலும் விசையை மட்டும்தான் தடுக்கிறது, கீழே விழுந்து அதிர்ந்தால் உள்ளே சுத்தியல் வழுகுவதை அது தடுக்கும் என்று நம்ப முடியாது. அதனால் சேம்பருக்குள் தோட்டாவோடு துவக்கை ஒருநாளும் வைக்காதீர்கள். குழாய்க்குள் மட்டும் தோட்டா, சேம்பர் வெறுமை என்று வைப்பது தனியாக இருக்கிறவர்களின் வழக்கம். எட்டு வயதுப் பிள்ளை உள்ள வீட்டில் அதுவும் சுவரில் நிலைப்படுத்திப் பூட்டின இரும்பு அலுமாரிக்குள்தான், திறப்பு உங்கள் இடுப்பில். அலுமாரிக்கு மேலே, கட்டிலுக்குக் கீழே, சாமி அறையில் துணிக்குப் பின்னால், இவை ஒன்றும் ஒளிப்பிடம் இல்லை, பிள்ளைகளுக்கு வீட்டில் தெரியாத இடமே கிடையாது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் துவக்கு வெறுமையாக ஒரு பூட்டுக்குள், தோட்டா ஐந்து அதே அலுமாரியில் தனிப் பூட்டுப் பெட்டிக்குள் என்று வைப்பேன். பழகின கைக்கு நிரப்புவது பதினைந்து விநாடி. அந்தப் பதினைந்து விநாடியை வாங்கித் தருவதற்குத்தான் குறுக்குத் தாழ்ப்பாளும் நாயும்.

பராமரிப்பில் முதல் எதிரி, பிடித்த கை. உப்புவெளியில் நெற்றி வியர்வையோடு குழலைத் தொட்டு அப்படியே வைத்தால் இரண்டு நாளில் விரல் ரேகை செம்மண் நிறத்தில் பதிந்திருக்கும், ஐந்து விரலும் எண்ணலாம். தொட்ட ஒவ்வொரு முறையும், சுட்டாலும் சுடாவிட்டாலும், துவக்கு ஒயில் தோய்த்துப் பிழிந்த பழைய பருத்திச் சீலையால் இரும்பு முழுக்க ஒரு துடை. சீலையை ஒரு ஜாம் போத்தலுக்குள் மூடி வைத்தால் மாதக் கணக்கில் வரும்.

தேங்காய் எண்ணெய் போடாதீர்கள். அப்பா போட்டார். இரும்புக்கு அதைவிட நல்லது இல்லை என்பார். அவர் போன பிறகு கழற்றினேன், விசைப் பெட்டிக்குள் எண்ணெய் காய்ந்து பழுப்பு நிறப் பிசினாக, தொட்டால் நூல் நூலாக இழுபட்டது, அதற்குள் ஒரு எறும்புக் கூட்டமே செத்து ஒட்டியிருந்தது. சுத்தியலைப் பின்னால் வைத்து விட்டால் மெல்ல மெல்ல வந்து தொட்டது, தோட்டாத் தொப்பியை அடிக்கிற வேகமே இல்லை. மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறப் போட்டுத்தான் எடுத்தேன். துவக்கு ஒயில் கிடைக்காவிட்டால் தையல் மெசின் ஒயில் பரவாயில்லை. கறள் கழற்றத் தெளிக்கிற ஸ்பிரேக்கள் நீரை விரட்டும், ஆனால் காய்ந்துவிடும், அதையே எண்ணெய் என்று நம்பி மாதக் கணக்கில் விடக் கூடாது.

எண்ணெயும் அளவோடுதான். இழுபாதையில் போல்ட் உரசுகிற இடத்தில், இரண்டு இழுகம்பிகளிலும், பூட்டுகிற மூலையில், ஒவ்வொரு துளி. வழிகிற அளவு போட்டு நிமிர்த்தி வைத்தால் எண்ணெய் எல்லாம் விசைப் பெட்டிக்குள் இறங்கி, அங்கிருந்து பிடங்கு மரத்துக்குள் ஊறி, மரம் பொருந்துகிற தலையே பஞ்சாகிவிடும். அதனால் துடைத்த அன்று இரவு வாயைக் கீழே வைத்து, அடியில் ஒரு சீலை போட்டு நிறுத்துவது என் பழக்கம். தோட்டாக் குழாய்க்குள் எண்ணெயே வேண்டாம், துடைத்து உலர்ந்திருக்கட்டும். அங்கே எண்ணெய் இருந்தால் மணலையும் தூசையும் பிடித்துத் தோட்டா நகராமல் செய்யும். வருஷத்துக்கு ஒருமுறை மூடியைக் கழற்றிச் சுருள் கம்பியை எடுத்துக் கறள் பாருங்கள், கழற்றும்போது அது முகத்துக்குப் பாயும், விரலால் அடக்கிக்கொண்டு கழற்றுங்கள்.

சுட்ட பிறகு குழலைக் கழற்றி, சேம்பர்ப் பக்கத்தில் இருந்து வெண்கலப் பிரஷ், பிறகு சீலை, கறுப்பு வராமல் போகும் வரை. சேம்பரைத் தனியாகப் பாருங்கள், பிளாஸ்ரிக் படிவது அங்கேதான். கறள் கண்டால் சாண்ட் பேப்பர் வேண்டாம், நீலப் பூச்சும் சேர்ந்து போய்விடும். மிக மெல்லிய உருக்குக் கம்பளியை எண்ணெயில் தோய்த்து மெதுவாக.

ரெக்சின் உறை, பஞ்சு வைத்த பெட்டி இரண்டும் கொண்டுபோகத்தான், வைப்பதற்கில்லை. ஐப்பசியில் வாடை தொடங்கி மழை இறங்கினால் தை வரை உப்புவெளியில் சுவரே வியர்க்கும், அந்த ஈரலிப்பை உறை குடித்து வைத்துக்கொண்டு துவக்குக்கு ஊட்டும். இரும்பு அலுமாரிக்குள் ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் ஒரு பைக்கற் தொங்கவிடுங்கள், நிறம் மாறினால் சட்டியில் சூடாக்கித் திரும்பப் போடலாம். மாரியில் வாரம் ஒருமுறை துடை, கச்சான் வீசுகிற மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும், ஆனால் அந்தக் காலத்தில் மணல் பறக்கும், உடலைத் திறந்து பிரஷ் போடுங்கள்.

அடுத்தது குளவி. மண்ணால் கூடு கட்டுகிற குளவிக்குத் துவக்குக் குழல் அளவெடுத்த வீடு. ஒருமுறை சந்தியில் உள்ள காவலறையில் மூன்று கிழமை தொங்கின துவக்கு ஒன்று என்னிடம் வந்தது, வாயில் இருந்து ஒரு சாண் உள்ளே, சீமெந்து மாதிரி இறுகின மண் அடைப்பு, உள்ளே வரிசையாகப் புழுக்கள். அப்படியே சுட்டிருந்தால் குழல் வாழைப்பூ மாதிரி விரிந்திருக்கும். அலுமாரிக் கதவில் இடுக்கு இருந்தால் அடையுங்கள், குழல் வாய்க்கு ஒரு சிவப்பு நாடாச் சீலையைச் செருகி வையுங்கள், அதை எடுக்கும்போதே குழலுக்குள் பார்க்கிற பழக்கமும் வந்துவிடும். அனுமதி புதுப்பிக்கிற டிசம்பர் மாதத்தில் துவக்கை முழுக்கக் கழற்றித் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள், கோதை இழுக்கிற கொக்கியும் தோட்டாவைத் தடுத்து நிறுத்துகிற தகட்டுத் தடையும்தான் முதலில் தேயும்.

கடைசியாக, உங்கள் அப்பாவின் பெட்டியில் கிடந்த பழைய தோட்டாக்கள் 18ஐயும் பாவிக்கலாமா என்று கேட்டீர்கள். மட்டைக் கோதுத் தோட்டாக்கள், 2004 சுனாமித் தண்ணீரில் நனைந்து பிறகு வெயிலில் காயப் போட்டவை என்கிறீர்கள். வேண்டாம். மட்டை ஊதி வீங்கியிருக்கும், சேம்பருக்குள் பாதியில் இறுகும். அதைவிட மோசம், மருந்து நனைந்த தோட்டா அரைகுறையாக வெடித்து, மருந்துக்கும் சன்னத்துக்கும் நடுவில் இருக்கும் அடைப்பை நடுக் குழலில் விட்டுவிடும், நீங்கள் அடுத்ததைச் சுடுவீர்கள். அவற்றை ஆற்றில் எறியவோ புதைக்கவோ உடைத்துப் பார்க்கவோ வேண்டாம், அனுமதியில்லாமல் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். ஒரு சட்டத்தரணியையோ விதானையாரையோ கூட்டிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டு போய், அப்பாவின் பழைய அனுமதிப்பத்திரம் இருந்தால் அதையும் காட்டி, எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள். புது விண்ணப்பம் மேசையில் இருக்கும்போதே செய்துவிடுங்கள், இந்த வாரமே.